கண்ணீர் வாய்க்காலுக்கு ஒரு சின்ன மூடி



"கண்ணுல மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்துதுங்க. காலையில எந்திரிச்சா எரியுது. காத்துல நின்னா தண்ணியா ஊத்துது." தோட்டத்தில் இருப்பவர்களும் சரி, தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களும் சரி, இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். டாக்டரிடம் போனால், "உங்கள் கண் உலர்ந்து போயிருக்கிறது" என்கிறார். தண்ணீர் ஊற்றும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும் என்று நம் ஆட்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமல்ல. அழுதால்தான் கண்ணீர் என்று நினைக்கிறோம். ஆனால் நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் கருவிழியின் மேல் பரவி அதைக் காக்கிறது. அது குறைந்தாலோ சீக்கிரம் காய்ந்தாலோ கண் உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கண் திடீரென்று நிறையத் தண்ணீரை விடும். அந்தத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், காய்ச்சல் தீராது. வயது ஏறினால் இது வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், சில சளி, அரிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். வெயிலும் தூசியும் புகையும் அதைக் கூட்டிவிடும்.

இதற்கு முதல் வைத்தியம் டாக்டர் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்துதான். அதில் குணம் தெரியாவிட்டால், "கண்ணீர்த் துளையில் பிளக் வைக்கலாம்" என்பார். இங்கேதான் நம்மவர்கள் பயந்து வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். "கண்ணுக்குள்ள ஆணி அடிக்கப் போறாங்களாம்!" என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடுகிறது.

உண்மை என்ன? கேரித் தீவு போன்ற கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மழை குறைந்த மாதங்களில் வாய்க்கால் தண்ணீர் ஓடிவிடாமல் மதகை அடைத்து வைப்போம் அல்லவா? கண்ணிலும் அப்படித்தான். மூக்கை ஒட்டிய ஓரத்தில், மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என்று குண்டூசி முனை போன்ற துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அந்தத் துளையை மூடினால், இருக்கிற கொஞ்சக் கண்ணீராவது கண்ணில் தங்கும். இதற்காக அமெரிக்க டாக்டர் ஃபிரீமன் என்பவர் 1975ல் சிலிக்கோன் பிளக்கை அறிமுகப்படுத்தினார். அது குருணை அரிசியிலும் சிறியது.

வைப்பது எப்படி? முதலில் சின்னக் காகிதத் துண்டை இமையோரத்தில் ஐந்து நிமிடம் வைத்து, எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். இமையில் வீக்கமோ கிருமியோ இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும். அழுக்குத் தண்ணீரைத் தேக்கி வைப்பதில் என்ன லாபம்? பிறகு மரத்துப் போகச் சொட்டு மருந்து விட்டு, துளையை அளந்து, பொருந்தும் பிளக்கைச் சின்னக் கருவியால் செருகுவார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் கீழ் இமையில்தான் முதலில் வைப்பார்கள். சில நாளில் தானே கரைந்துவிடும் பிளக்கை வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

எடுப்பது எப்படி? தலைப்பகுதி வெளியே தெரியும் சிலிக்கோன் பிளக்கை டாக்டர் சின்ன இடுக்கியால் பிடித்து எடுத்துவிடுவார். உள்ளே குழாய்க்குள் போகும் வகையாக இருந்தால் உப்புநீர் பாய்ச்சித் தள்ளுவார்கள். அபூர்வமாக அதற்குச் சிறிய அறுவை தேவைப்படலாம். ஆகவே எந்த வகை வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கண்ணைக் கசக்கினால் பிளக் நழுவி விழுந்துவிடும். விழுந்தால் பயம் வேண்டாம், மறுபடி வைக்கலாம். எந்நேரமும் கன்னத்தில் கண்ணீர் வழிந்தாலும், மூக்கோரம் வீங்கி வலித்தாலும், சீழ் வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். நகத்தாலோ ஊசியாலோ நீங்களே எடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களைக்கொல்லியோ, ரப்பர் பாலில் சேர்க்கும் அமோனியாவோ, பால் உறைய வைக்கும் அமிலமோ கண்ணில் தெறித்தால் அது உலர்ந்த கண் சமாச்சாரம் அல்ல. அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆபீசில் விபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த சொக்சோ பாதுகாப்பு நமக்கு இருப்பது இதற்காகத்தான். "சும்மா தெறிச்சுது" என்று மண்டோர் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

கடையில் கண்ட சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் ஊற்றுகிறவர்களே, அதை நிறுத்துங்கள். சிவப்பு மறையும், நோய் மறையாது. முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய், கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் கண் உலர என்ன காரணம்? எந்த வகைப் பிளக்? ஒத்துப்போகாவிட்டால் எப்படி எடுப்பீர்கள்? கேட்பது மரியாதைக் குறைவல்ல, அது நம் உரிமை.

1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. பார்வை இழந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் நல்ல இடம் அது. ஆனால் பார்வை இருக்கும்போதே அதைக் காப்பது நம் பொறுப்பு. கருவிழி காய்ந்து புண்ணாகித் தழும்பு விழுந்தால் பார்வை மங்கிவிடும். விடியற்காலை இருட்டில் வெட்டுப் பட்டையைப் பார்த்துக் கத்தி வைப்பதும், அண்ணாந்து பழக்குலையைப் பார்த்து அறுப்பதும் இந்தக் கண்ணை நம்பித்தானே? அந்தக் கண்ணுக்காக ஒரு நாள் லீவு எடுப்பதில் தவறே இல்லை.