நீராவி ரயில்: கைகளில் வாழும் மரபு

என் தந்தை மீட்டர்கேஜ் காலத்தில் நீராவி எஞ்சின்களோடு வாழ்ந்தவர். லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராக ஓய்வுபெற்றார். புகையின் நிறத்தைப் பார்த்தே எரியறையில் கரி எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுவார். அவர் ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் டீசல் எஞ்சின்கள் வந்தன. பின்னர் அகலப் பாதையும் வந்தது. நாற்பது ஆண்டுகளாக அவர் கைகளில் சேர்ந்திருந்த அறிவைக் கேட்டுப் பெற எவரும் வரவில்லை. அவரும் அதற்காகக் குறைபட்டுக்கொண்டதில்லை. தொழில் மறைந்தால் தொழிலறிவும் மறைவது இயற்கை என்றே அவர் கருதினார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வட இங்கிலாந்தில் கழித்த ஒரு சனிக்கிழமை அந்த எண்ணத்தை மாற்றியது.

லீட்ஸ் நகரில் வசிக்கும் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் குடும்பத்தோடு பிக்கரிங் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். அங்கிருந்து குரோமொன்ட் என்ற ஊர்வரை சுமார் 29 கிலோமீட்டர் தொலைவுக்கு ‘நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே’ நீராவி ரயில்களை இயக்குகிறது. பாதி வழி ரயிலில் சென்று, நடுவே இறங்கி மலைச்சரிவில் நடந்து, கடைசி நிலையத்தில் மீண்டும் ரயிலேறித் திரும்புவது எங்கள் திட்டம். விடுமுறை நாளில் இப்படிச் சென்றுவருவது பிரிட்டனில் பரவலான பழக்கம். சாப்பாட்டு மூட்டை, மழைக்கோட்டு, நடைக்கான காலணி ஆகியவற்றோடு வந்த முதியவர்களும் குழந்தைகளுமே எங்கள் பெட்டியை நிறைத்திருந்தனர்.

மூடிய பாதை மீண்ட கதை:

இந்தப் பாதையை வடிவமைத்தவர் ரயில்வேயின் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் ஸ்டீபன்சன். விட்பி துறைமுகத்தையும் பிக்கரிங்கையும் இணைக்க 1836இல் இது திறக்கப்பட்டபோது பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. நீராவி எஞ்சின்கள் இங்கு வந்தது 1840களின் பிற்பகுதியில்தான். வழியில் இருந்த ஆழமான சதுப்பு நிலத்தைக் கடக்க மரங்களையும் செம்மறி ரோமக் கட்டுகளையும் பரப்பி, அவற்றின் மேல் தண்டவாளம் அமைத்தார்கள். இன்றும் ரயில் அந்தச் சதுப்பைத் தாண்டித்தான் செல்கிறது.

1963இல் ரிச்சர்டு பீச்சிங் அளித்த அறிக்கை, நட்டத்தில் இயங்கும் சுமார் 5,000 மைல் ரயில் பாதைகளையும் 2,363 நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. அந்த அலையில் 1965இல் இந்தப் பாதையும் மூடப்பட்டது. 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் தேசிய ரயில்வேயில் நீராவிப் பயணிகள் ரயில்களின் காலமே முடிந்தது.

ஆனால், அதற்கு முன்பே வேல்ஸில் ஒரு முன்மாதிரி உருவாகியிருந்தது. கல்பலகைச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட தாலிலின் என்னும் குறுகிய ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எல்.டி.சி.ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951 முதல் அதைத் தாங்களே இயக்கத் தொடங்கினர். தன்னார்வலர்களால் காப்பாற்றப்பட்ட உலகின் முதல் ரயில் பாதை அது. அந்த வழியைப் பின்பற்றி யார்க்‌ஷயர் மக்களும் 1967இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். 1973இல் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. இன்று பிரிட்டனில் இத்தகைய மரபு ரயில் பாதைகள் 150க்கும் மேல் இருக்கின்றன. நாங்கள் சென்ற பாதையை ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. சம்பளம் பெறும் ஊழியர்களோடு நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களும் அங்கே வேலை செய்கின்றனர். எங்கள் பயணச்சீட்டைச் சரிபார்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

நடந்து படித்த வரலாறு:

கோத்லாந்து நிலையத்தில் இறங்கினோம். முதல் ‘ஹாரி பாட்டர்’ படத்தில் ஹாக்ஸ்மீட் நிலையமாக வருவது இதுதான் என்பதால் நடைமேடையில் இளைஞர்களின் கூட்டம் மிகுதி. அதைக் கடந்து ஊருக்குள் சென்றால், செம்மறி ஆடுகள் சாலையில் தம் விருப்பம்போல் மேய்ந்துகொண்டிருக்கின்றன. அங்கிருந்து குரோமொன்ட்வரை சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இறங்குகிறது. ஸ்டீபன்சன் முதலில் அமைத்த ரயில் பாதைதான் இன்று நடைபாதையாக இருக்கிறது.

அந்தப் பாதை ஏன் கைவிடப்பட்டது என்பதை நடக்கும்போதே கால்கள் உணர்ந்துவிடுகின்றன. கோத்லாந்துக்கும் பெக் ஹோல் என்னும் குக்கிராமத்துக்கும் இடையில் சரிவு மிகக் கடுமை. ஏறத்தாழ 15 அடிக்கு ஓர் அடி ஏற்றம். குதிரைகளால் இதில் பெட்டிகளை இழுக்க முடியாது. எனவே, மேலிருந்து நீர் நிரப்பிய தொட்டியைக் கீழிறக்கி, அதன் எடையால் கயிற்றில் கட்டிய பெட்டிகளை மேலே ஏற்றினார்கள். பிறகு, உச்சியில் நிலையான நீராவிப் பொறியை வைத்துக் கயிற்றைச் சுற்றினார்கள். 1864இல் கயிறு அறுந்து உயிர்ப்பலி நேர்ந்தது. அடுத்த ஆண்டே, 49 அடிக்கு ஓர் அடி என்னும் மிதமான ஏற்றத்தில் சுற்றிச் செல்லும் புதிய பாதை பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய ரயில் ஓடுவது அதில்தான். நடப்பவர் பழைய பாதையில் இறங்க, மரங்களுக்கு அப்பால் புதிய பாதையில் எஞ்சின் மூச்சிரைத்து ஏறும் ஓசை கேட்கிறது. குதிரை, கயிறு, நீராவி என முப்பது ஆண்டுகளின் தொழில்நுட்ப வரலாறு இரண்டு மணி நேர நடையில் விளங்கிவிடுகிறது.

இப்படி நடப்பதற்கு வாய்ப்பு தானாக வந்துவிடவில்லை. மலைவெளிகளில் மக்கள் நடக்கும் உரிமைக்காக 1932இல் கிண்டர் ஸ்கௌட் குன்றில் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினர். சிலர் சிறைக்குச் சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. பொதுவழிகளை உள்ளாட்சி அமைப்புகள் வரைபடத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. வரைபடத்தில் ஏறிய வழியை நில உரிமையாளர் தன் விருப்பப்படி அடைத்துவிட முடியாது. வயல்களுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே ஓர் அந்நியர் அச்சமின்றி நடந்துசெல்ல இதுவே காரணம். ரயில் நிலையமும் பொதுவழியும் சந்திப்பதால்தான், காரில்லாதவருக்கும் முதியவருக்கும் இந்த நடை வாய்க்கிறது. உணவகம், தங்கும் விடுதி, சிறு கடை என அந்தச் சிற்றூர்களின் வருமானமும் இதைச் சார்ந்திருக்கிறது.

நெருப்பைக் கற்பது:

நடைபாதை குரோமொன்டில், 1835இல் குதிரை ரயிலுக்காகக் குடையப்பட்ட சுரங்கத்தின் வழியே முடிகிறது. அதற்கு மறுபுறத்தில்தான் எஞ்சின் பணிமனை. உள்ளே நுழைந்ததும் எண்ணெயும் கரியும் நீராவியும் கலந்த அந்த வாசனை. தந்தையின் சட்டையில் வந்த அதே வாசனை. சில நிமிடங்கள் என்னால் பேச முடியவில்லை.

ஓர் இளம்பெண் எஞ்சினின் சக்கரங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வார நாள்களில் கணினி நிறுவனத்தில் வேலை. வார இறுதியில் இங்கே கிளீனர் என்றார். துடைக்கத் துடைக்கத்தான் எங்கே விரிசல், எங்கே கசிவு, எந்தத் தண்டு எதை இயக்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும். கிளீனராகத் தேறினால் ஃபயர்மேன் பயிற்சி. பல ஆண்டுகளுக்குப் பின் டிரைவர். என் தந்தை ஏறிய அதே படிகள்.

நீராவி எஞ்சினை இயக்குவது விசையை முறுக்கும் வேலை என்று வெளியிலிருப்போர் நினைக்கிறோம். குளிர்ந்திருக்கும் கொதிகலனில் நெருப்பு மூட்டினால், புறப்படும் அளவுக்கு அழுத்தம் ஏற பல மணி நேரம் ஆகும். கொதிகலனுக்குள் எரியறையின் கூரை எப்போதும் நீருக்கு அடியில் இருக்க வேண்டும். நீர் குறைந்து கூரை வெளிப்பட்டால் உலோகம் பழுத்து வலுவிழக்கும். கொதிகலன் வெடிக்கவும் கூடும். புகைபோக்கியை முன்னே வைத்து எஞ்சின் மேட்டில் ஏறும்போது நீர் பின்புறமாகச் சாய்வதால், கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் உயர்ந்து தெரியும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் நீர் முன்னே ஓடிவிடும்; நீர் போதவில்லையென்றால் கூரை வெளிப்பட்டுவிடும். எனவே, கண்ணாடி காட்டுவதை அப்படியே நம்பாமல் பாதையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே ஃபயர்மேன் கணக்கிட வேண்டும். கரியும் அப்படித்தான். இப்போது போடும் கரி சில நிமிடங்களுக்குப் பிறகே நீராவியாகும்.

“மேடு வந்த பிறகு கரி போடாதே” என்று என் தந்தை தன் உதவியாளர்களிடம் சொல்வாராம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தனக்குப் பயிற்சி தருபவர் ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்கிறார் என்று அவர் சிரித்தார். இந்த அறிவைப் புத்தகத்தில் எழுதலாம். ஆனால், புத்தகத்திலிருந்து மட்டும் பெற முடியாது. ஒருவர் அருகில் மற்றொருவர் நின்று, மண்வெட்டியைக் கையில் பிடித்தே பெற வேண்டும். எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் இரும்பு எஞ்சும். நெருப்பை மூட்டினால் மட்டுமே தொழிலறிவும் உயிரோடு இருக்கும்.

எளிதில் தீராத கேள்விகள்:

இதற்கு விலை உண்டு. பிரிட்டனில் மரபு எஞ்சின் ஒவ்வொன்றும் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கொதிகலனை முழுவதும் கழற்றிச் சீரமைக்க வேண்டியிருக்கிறது; அது பெருஞ்செலவு. தன்னார்வலர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டனர். வேல்ஸின் ஃபோஸ்-அ-ஃப்ரான் சுரங்கம் 2023இல் மூடப்பட்ட பிறகு, இறக்குமதிக் கரியையே பெரிதும் நம்ப வேண்டிய நிலை.

புவி வெப்பமடையும் காலத்தில் பொழுதுபோக்குக்காக நிலக்கரியை எரிக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த ரயில்கள் எரிக்கும் கரி, நாட்டின் மொத்தப் பயன்பாட்டோடு ஒப்பிட மிகச் சிறிது. தாவரக் கழிவுகளைக் கலந்த மாற்று எரிபொருள்களும் சோதிக்கப்படுகின்றன. ஆயினும், மரபு என்ற சொல்லைச் சொல்லியே எல்லா விமர்சனங்களிலிருந்தும் தப்பிவிட முடியாது. எரிக்கும் கரிக்கு ஈடாக எதைக் கற்பிக்கிறோம், யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதுதான் அதற்கான நேர்மையான நியாயமாக இருக்க முடியும்.

நம் மலையில்:

இந்த இடத்தில் நீலகிரி மலை ரயில் நினைவுக்கு வராமல் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் சென்ற 46 கிலோமீட்டர் பாதை அது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரணச் சக்கரங்களுக்கு இரண்டு சிலிண்டர்கள், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரங்களுக்கு இரண்டு சிலிண்டர்கள் என்று அந்த எஞ்சின் தனி வகை. பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த வகை எஞ்சின்களைப் புதிதாகவே உருவாக்கியிருக்கிறது. பிரிட்டன் தன்னார்வலர்களைக் கொண்டு மீட்ட தொழிலறிவு, நம்மிடம் ரயில்வே ஊழியர்களின் கைகளில் அறுபடாமல் இருக்கிறது. இது சாதாரணச் செல்வமன்று.

ஆனால், அந்த ரயிலைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் பயணச்சீட்டு கிடைத்ததா, படம் எடுத்தோமா என்பதோடு நின்றுவிடுகிறது. நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நீராவியில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் அனுபவங்களை அவர்கள் இருக்கும்போதே காணொளியாகவும் எழுத்தாகவும் பதிவுசெய்யலாம். தொழிற்பயிற்சி மாணவர்கள் குன்னூர் பணிமனையில் சில வாரங்கள் பயில வழிசெய்யலாம். குன்னூர், கேத்தி, லவ்டேல் நிலையங்களிலிருந்து ஏற்கெனவே உள்ள ஊர்ச் சாலைகளையும் வழிகளையும் இணைத்து, பெயர்ப்பலகைகளோடு நடைபாதைகளை வகுக்கலாம். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். கல்லாறு தொடங்கி மேலேயுள்ள காடு யானைகளுக்கு உரியது. அவற்றுக்கு இடையூறின்றி, ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையத்துக்கு நடக்கும் வாய்ப்பு இருந்தால், மலைச் சாலைகளில் கார்களின் நெரிசலும் சற்றுக் குறையும்.

அன்று மாலை குரோமொன்டிலிருந்து ரயில் புறப்பட்டது. நிலையத்தை விட்டதுமே ஏற்றம் தொடங்குகிறது. அதற்கு முன்பே புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுந்ததைக் கண்டேன். யாரோ ஒருவர் மேட்டுக்கான கரியை முன்கூட்டியே போட்டிருக்கிறார். என் தந்தையிடம் அந்த வேலையை எனக்கும் காட்டுங்கள் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. குன்னூரில் இன்று அதே வேலையைச் செய்பவர்களிடமாவது நம் பிள்ளைகள் கேட்க வேண்டும்.