வெள்ளி அசல், காசு போலி

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1938ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயையும் 1939ஆம் ஆண்டு ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்ணில் படும் வேறுபாடு கடைசி இலக்கம் மட்டும்தான். எடை ஒன்று, அளவு ஒன்று, வெள்ளியின் தரமும் ஒன்று. ஆனால் 1938 எளிதாகக் கிடைக்கும். அந்த மன்னரின் ரூபாய்களிலேயே மிக அரிதானது 1939. அதனால் 8இன் கீழ்ச் சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்து, அதை 9 ஆக்கிவிடுகிறார்கள்.

இந்தக் காசை உரைகல்லில் உரைத்தால் வெள்ளி என்றுதான் காட்டும். தராசிலும் எடை சரியாக நிற்கும். அரசு நாணயச்சாலை அடித்த ரூபாய்தானே அது! பொய் முழுவதும் அந்த ஓர் இலக்கத்தில் இருக்கிறது. வெள்ளி அசலா என்பது ஒரு சோதனை, காசு அசலா என்பது வேறொரு சோதனை. சேகரிப்புக்கு வாங்குகிறவர் இரண்டையும் செய்தாக வேண்டும். முதல் சோதனையோடு திருப்தி அடைகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

எடையிலிருந்து தொடங்கலாம். 1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. சித்த மருத்துவக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இந்த எடையைத்தான். காசில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். பல கை மாறிய காசு தேய்ந்து கொஞ்சம் எடை குறைந்திருப்பது இயல்பு. 11.66க்கு மேலே தெளிவாக எடை ஏறினாலோ, 11 கிராமுக்கும் கீழே இறங்கினாலோ சந்தேகப்பட வேண்டும்.

எடையைச் சரிக்கட்டுவது போலி செய்பவருக்குக் கடினமல்ல. காசைச் சற்றுத் தடிமனாக்கினால் போதும். அவர் சறுக்கும் இடம் அடர்த்தி. இதை வீட்டிலேயே பார்க்கலாம், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால் போதும். முதலில் காசை எடை போடவும், 11.60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு 1.12 காட்டினால், 11.60ஐ அதால் வகுக்க 10.36 வரும். அந்தத் தர வெள்ளிக்கு 10.3ஐ ஒட்டி வர வேண்டும், வந்துவிட்டது. பித்தளையிலோ ஜெர்மன் சில்வரிலோ செய்து முலாம் பூசியிருந்தால் தராசு 1.35 அளவுக்குக் காட்டும், விடை 8.6க்குச் சரிந்துவிடும். காசில் ஒரு கீறல்கூட விழாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான்; மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அசல் காசாகவே இருந்தாலும் அவற்றின் அடர்த்தி 9.5 அளவில்தான் நிற்கும். அவசரப்பட்டுப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தக் காசுகளின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடுவது தெரியும். கள்ள நாணயத்தைத் தடுக்க நாணயச்சாலை செய்த ஏற்பாடு அது. 1947 ரூபாயோ முழுக்க நிக்கல், பின்புறம் புலி. அதை ‘வெள்ளி’ என்று யாராவது நீட்டினால் காந்தத்தைக் காட்டினால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

இனி கண்ணுக்கு வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று அவசியம். நாணயச்சாலைக் காசு அச்சுகளுக்கு நடுவே ஓங்கி அடிக்கப்பட்டது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கும். உருக்கி வார்த்த போலியில் எழுத்துகள் மழுங்கியிருக்கும், தளத்தில் காற்றுக்குமிழ் விட்ட நுண்குழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த தழும்பு ஓடும். தேய்மானமும் பேசும். உண்மையான புழக்கத்தில் முதலில் தேய்வது மேடான இடங்கள்: மன்னரின் கன்னம், கிரீடம், தாடி. பள்ளங்களில் உள்ள நுணுக்கம் தப்பியிருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், அது அச்சிலேயே வந்த மங்கல்.

அசல் காசிலிருந்து அச்சு எடுத்து அடிக்கும் போலிகள்தான் இன்று கண்டுபிடிக்கக் கடினமானவை. அவற்றிலும் ஒரு பலவீனம் உண்டு. மூலக் காசில் இருந்த கீறலும் வடுவும் ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே வந்துவிடும். ஒரே வியாபாரியிடம் மூன்று காசுகளில், மன்னரின் காதருகே அதே இடத்தில் அதே வடு இருந்தால் மூன்றையும் கீழே வைத்துவிடலாம்.

வரலாறு தெரிந்தவருக்கு இன்னும் நல்ல ஆயுதங்கள் கிடைக்கும். 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றி போலத் தெரிய, முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. வெளிவராத காசுகள் உருக்கப்பட்டன; 1912இல் யானை திருத்தி வரையப்பட்டது. 1911 ரூபாய்க்குத் தனி மதிப்பு வந்தது இதனால்தான். தேதி 1911 என்றும், யானை மட்டும் திருத்திய யானையாகவும் இருந்தால், 1912இன் கடைசி இலக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விக்டோரியா ரூபாயில் 1862 என்ற தேதியே 1874 வரை மாறாமல் இருந்தது. ஆகவே 1867 என்றோ 1870 என்றோ தேதியிட்ட ராணி ரூபாய் புழக்கத்துக்கு வந்ததே இல்லை. மாறாக, 1835 ரூபாயில் மன்னர் நான்காம் வில்லியம் பெயருக்குப் பின்னால் நான்கு என்பது நான்கு தனிக் கோடுகளாக இருக்கும். ரோமன் எண்ணை இப்படி எழுதுவார்களா என்று அசல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அனுமன், ராமர் பட்டாபிஷேகம் என்று கடவுள் உருவங்களோடு 1818 போட்டு ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ பெயரில் திரியும் காசுகள் அத்தனையும் கற்பனைச் சரக்கு. கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை.

பழங்காசுக்கு லட்சக்கணக்கில் விலை தருகிறோம், முன்பணமாகக் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது வேறு வகை மோசடி. அப்படிப்பட்ட எதிலும் தங்களுக்குத் தொடர்பில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் அரிய காசை முதலில் தேட வேண்டாம். நல்ல பெயருள்ள வியாபாரியிடம், போலி என்று தெரிந்தால் திரும்பப் பெறுவதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, 1918, 1919, 1920 ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் ஒன்றை வாங்கலாம். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா 1918இல் பிட்மன் சட்டம் இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் விற்றது. அந்த ஆண்டுகளில் ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டதால் இன்றும் வெள்ளி விலையை ஒட்டியே கிடைக்கிறது. அதைப் போலியாகச் செய்வதில் பெரிய லாபமும் இல்லை. அதன் எடை, அடர்த்தி, விளிம்பு வரிகளின் நெருக்கம், லென்ஸுக்கடியில் எழுத்தின் ஓரம் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்து வாங்கும் ஒவ்வொரு ரூபாயையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காசு உதவும்.