உங்களுக்குத் தெரியுமா? முதுகு நீரில் மூளைக் கட்டியின் தடயம்

காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும்; ஆனால் அளவோடு. அந்த அளவைக் காப்பது, கல்லீரலில் உருவாகும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம். மூளையில் லிம்போமா என்னும் புற்றுநோய் வந்தவர்கள் பலருக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த முதுகுநீரில் இப்புரதம் கூடுதலாக இருப்பதை 2008-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சின்னச் செய்தியல்ல இது! இந்த நோயை உறுதிசெய்ய இன்றும் பெரும்பாலும் மண்டையோட்டில் துளையிட்டுத்தான் திசு எடுக்கிறார்கள். கட்டி ஆழத்தில் இருந்தால் அதுவே ஆபத்து. முன்னதாக ஸ்டீராய்டு கொடுத்துவிட்டாலோ, கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, எடுத்த திசுவில் நோயே தெரியாமல் போகலாம். முதுகுநீரை எடுக்க இடுப்பருகே ஓர் ஊசி போதும். ஆனால், இந்தப் புரதத்தை மட்டும் நம்பி மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை.