சுரக்குறிப்புக் கோப்பும் சிதைந்த ஏடும்

முத்தமிழுள் நடுவணதாகிய இசைத்தமிழ் நெடுங்காலம் செவிவழியே வாழ்ந்தது. பாடலைச் சுரதாளக் குறிப்போடு எழுதிவைக்கும் வழக்கம் அச்சு வந்த பின்னரே நம்மிடையே பெருகிற்று. சின்னசாமி முதலியார் 1893இல் நம் கீர்த்தனைகளை மேலைநாட்டுக் கோட்டுக் குறியீட்டில் அச்சேற்றினார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் தஞ்சையில் மலர்ந்தது. இன்று அப்பணியின் பெரும்பகுதி கணிப்பொறிக்கு மாறியுள்ளது. ஏட்டைச் செல் அரித்தது. கோப்பை எது அரிக்கிறது, அரிக்கப்பட்டதை எவ்வளவு மீட்கலாம் என்பதனை ஈண்டுக் காண்போம்.

'கோப்பு கெட்டுவிட்டது' என்னும் ஒரே சொல்லால் நாம் வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறோம். அவற்றுள் ஒன்று நோயே அன்று. சுரங்கள் செம்மையாக நிற்க, அவற்றின்கீழ் உள்ள சாகித்தியம் மட்டும் பொருளற்ற குறிகளாகத் தோன்றுமாயின், கோப்பு பெரும்பாலும் நலமாகவே உள்ளது, எழுத்துருதான் மாறியிருக்கிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் முறைகளிலும், வேறு பல எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்தவை இன்றைய ஒருங்குறிக் கணிப்பொறியில் இவ்வாறே காட்சி தரும். ஒருங்குறியில் எழுதியதைப் பழைய முறையில் திறந்தாலும் இடர் உண்டு. அங்கே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், மும்மூன்று அயற்குறிகளாகச் சிதறித் தோன்றும். இந்நிலையில் கோப்பைத் திருத்தி மீண்டும் சேமிப்பதே பெருங்கேடு. உரிய எழுத்துருவையோ குறிமாற்றியையோ தேடுதல் வேண்டும்.

தமிழில் சுரம் எழுதுவோர்க்குத் தனியே ஓர் இடரும் உண்டு. மேல்தாயிச் சுரத்திற்கு எழுத்தின்மேல் புள்ளியும், கீழ்த்தாயிச் சுரத்திற்கு எழுத்தின்கீழ்ப் புள்ளியும் இடுவது மரபு. மேல்தாயி மத்திமத்தின் தலையில் புள்ளி வைத்தால் அது நம் கண்ணுக்கு 'ம்' என்னும் மெய்யாகிவிடுகிறது. தொல்காப்பியர் மெய்க்கு வகுத்த புள்ளி இசைக்காரர்க்குத் தாயி அடையாளமாயிற்று. கோப்பு ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கையில் இப்புள்ளிகள் உதிர்ந்தால் எச்சரிக்கை ஏதும் வாராது. சுரம் ஒரு தாயி மாறி நிற்கும், பாடுவோர் திகைப்பர்.

இனி மெய்யான சிதைவுக்கு வருவோம். பலரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தும் மியூஸ்கோர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பு உண்மையில் ஒரு மூட்டை. பல கோப்புகளை அமுக்கிக் கட்டும் 'ஜிப்' முறையில் அது கட்டப்பட்டுள்ளது. அதனுள்ளே இசை முழுவதும் எக்ஸ்எம்எல் என்னும் எழுத்துவடிவில் கிடக்கிறது. கோப்பைப் படியெடுத்து, அப்படியின் பெயரின் ஈற்றை 'ஜிப்' என மாற்றி அவிழ்த்தால், எளிய எழுத்துத் திருத்தியிலேயே அதைப் படிக்கலாம். ஆனால் இம்மூட்டையின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் எழுதப்படுகிறது. படியெடுக்கும்போது இடையில் அறுபட்டால் பட்டியல் போய்விடும். உள்ளிருப்பவை பெரும்பகுதி நலமாயிருந்தும் மூட்டை திறக்க மறுக்கும். பட்டியலின்றியே உள்ளிருப்பதைத் தேடியெடுக்கும் பழுதுநீக்கு கருவிகள் உண்டு. அறுந்த இடம் வரையில் அவை மீட்டுத் தரும்.

நம் துறை மாணவியர் சிலர் குன்னம் வட்டாரத்தில் நடவுப் பாடல்களும் தாலாட்டுகளும் தொகுத்துச் சுரப்படுத்தினர். தாலாட்டொன்றின் கோப்பு, பென்டிரைவை அவசரமாக உருவியதால் இவ்வாறு அறுபட்டது. பாடிய மூதாட்டி அதற்குள் மறைந்துவிட்டார், ஒலிப்பதிவும் எஞ்சவில்லை. மீட்புக் கருவி முதல் பதினான்கு வரிகளைத் தந்தது. எஞ்சிய இரண்டு வரிகள், அவர்களுள் ஒருத்தி தன் அக்காளுக்குக் காட்டுவதற்காக எடுத்து அனுப்பிய அச்சுத்தாளின் ஒளிப்படத்தில் கிடைத்தன. அந்த அக்காள் அதனை அழிக்காமல் வைத்திருந்தது நம் பேறு.

மற்றொரு வகைச் சிதைவில் கோப்பு திறக்கும். ஆனால் 'இத்தனையாம் பகுதியில் காலக் கணக்கு பிழைபட்டது' என்று மென்பொருள் அறிவிக்கும். இது நாம் வியந்து நோக்கத்தக்க செயல். ஆதிதாளத்துச் சரளிவரிசை முதற்காலத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 சுரம் நிற்க வேண்டும். 9 நின்றால் எண்ணுவோர்க்குப் பிழை தெரிந்துவிடும். மென்பொருளும் ஒவ்வொரு பகுதியையும் இவ்வாறே எண்ணுகிறது. வெண்பாவில் தளை தட்டினால் அங்கே ஏடு சிதைந்தது என்று பதிப்பாசிரியர் அறிவதும் இந்நெறியே.

இவ்விடத்தில் நம் ஊரை நினையாதிருத்தல் இயலாது. உ.வே. சாமிநாதையர் இளமையில் குன்னத்தில் தங்கிச் சிதம்பரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். பின்னர்ச் செங்குணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கேட்டார். அவர் தந்தையாரோ உடையார்பாளையம் சமத்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். சிந்தாமணியைப் பதிப்பித்த 1887க்குப் பல்லாண்டுகள் முன்பே, சிதைந்த அடியைக் கண்டறியும் கருவி இப்பகுதியில் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் யாப்பு, பிழை உள்ள இடத்தைக் காட்டுமேயன்றி அங்கே இருந்த சொல்லைத் தராது. அதற்கு மற்றோர் ஏடு வேண்டும். ஐயர் ஊர் ஊராக அலைந்தது அதற்காகவே. சுரக்கோப்பும் அத்தகையதே. பழுதுற்ற பகுதிக்கு அருகே வெற்றுப் பகுதியொன்றைச் செருகி, சுரங்களை அதில் புதிதாக இட்டு, பழையதை நீக்கினால் அறிவிப்பு மறையும். இட்ட சுரங்கள் ஆசிரியர் வகுத்தவைதாமா என்பதற்குக் கணிப்பொறி பொறுப்பன்று.

அதனினும் கொடியது கணக்குக்குள் அடங்கிய பிழை. ஒரு சுரம் பாதியாகக் குறுகி அடுத்தது அவ்வளவே நீண்டால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஏட்டில் பொருந்தாச் சொல்லொன்று சீர் கெடாமல் புகுந்தது போல அது தலைமுறைக்கும் நிலைத்துவிடும். 'பழுது இல்லை' என்ற அறிவிப்பைக் கண்டவுடன் மகிழ்வோர் ஒருமுறையேனும் பாடிப் பார்த்தல் நன்று.

சேமிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் சிலபோது கோப்பின் அளவு மட்டும் குறையாதிருக்க, உள்ளே எல்லாம் சுழியாகிவிடும். அதனுள் மீட்க எதுவும் இல்லை. மியூஸ்கோர் தானே எடுத்து மறைவான உறையில் வைக்கும் முந்தைய படி இருப்பின் அதுவே துணை.

மென்பொருளும் முதுமையுற்று மறைவதுண்டு. 1988இல் தோன்றிய ஃபினாலே என்னும் புகழ்பெற்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. சிதையாத கோப்பும் திறக்க ஆளின்றிக் கிடக்கலாம் என்பதற்கு இது சான்று. இதனாலேயே, 2004இல் முதற் பதிப்பு கண்ட மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பொதுவடிவில் ஒரு படி எடுத்துவைக்குமாறு நம் மாணவர்க்குக் கூறிவருகிறோம். அதனைப் பல மென்பொருள்களும் படிக்கும். சாகித்தியத்தைத் தனி எழுத்துக்கோப்பில் ஒருங்குறியில் வைத்தலும், தாளில் அச்சிட்ட படியொன்றைத் துறை நூலகத்தில் சேர்த்தலும் உடன் நிகழ வேண்டும். இவ்வாண்டு தொகுத்த பாடல்களின் அச்சுப்படிகள் நூலகத்தில் உள்ளன. அப்பாடல்களை வீட்டில் கேட்டு வளர்ந்தோர் வந்து பார்த்து, வேறுபடும் இடங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துத் தரலாம்.