மனப்பாரத்தைக் கேட்பவர் யார்?

கீரிப்பாறை அரசு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் பெற்றோர் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவர். பிள்ளைகள் தாமே எழுந்து பள்ளிக்குப் புறப்படுவர். மாலையில் களைத்து அமரும் தாயிடம் தன் மனக்கலக்கத்தைச் சொல்லத் தயங்கும் சிறுமிக்கு யார் துணை?

அரசு இதனை உணராமலில்லை. பள்ளிக் கல்வித்துறை 2018-இல் 14417 என்னும் கட்டணமற்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தேர்வச்சத்திற்கும் அங்கே ஆலோசனை உண்டு. மனநல உதவிக்கென 2022-இல் 14416 வந்தது. நன்று. ஆயினும் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையின் சட்டைப்பையில் இருக்கையில் (மலைக்காட்டில் சிக்னல் கிடைப்பது வேறு கதை!) அவள் எங்ஙனம் அழைப்பாள்? வீட்டார் காதுபடத்தான் மனந்திறந்து பேசுவாளோ?

பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் குறித்த நாளில் பள்ளிக்கே வந்தமர அரசு நிதி ஒதுக்கவேண்டும். அன்பார்ந்த பெற்றோரே, அதனை மனுவாக எழுதிக் கையொப்பமிடுங்கள். அதுவரை அவ்விரு எண்களையும் பிள்ளையின் நோட்டில் குறித்துக் கொடுத்து, கைப்பேசியோடு சற்றுநேரம் தனித்திருக்க விடுங்கள்.