பயாஸ் இல்லாத பலகை

மேசைக் கணிப்பொறியில் இயங்குதளம் நிறுவுவோர்க்கு, அத்தளம் வந்து சேருமுன்பே திரையில் எழுத்துக் காட்டவும், விசைப்பலகையைக் கவனிக்கவும், எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று வினவவும் வல்ல பயாஸ் துணை நிற்பதால், அவ்வுபகாரத்தின் அருமை பெரும்பாலும் புலப்படுவதில்லை. அது இல்லாத யந்திரத்தோடு பழகுகையில்தான் புலப்படும்.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று பிரிட்டனிலிருந்து விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை அத்தகையது. சிறிய அப்பலகையில் பயாஸ் கிடையாது. பிரதான சில்லினுள் உற்பத்தியின்போதே பதிக்கப்பட்டு, பின்னர் எவராலும் திருத்தவொண்ணாத ரோம் நிரல் ஒன்றே உண்டு. எஸ்.டி. கார்டில் ஃபேட் முறையில் அமைந்த பகுதியைத் தேடி, அங்கே ‘பூட்கோட்.பின்’ என்னும் கோப்பு இருப்பின் அதை எடுத்து ஓட்டுவதே அதன் பிரதான வித்தை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது ஆர்ம் செயலி அன்று, படம் வரையும் ஜி.பி.யு.தான். பிரதான மெமரி அப்போது உபயோகத்துக்கு வந்திராமையால், முதற்கோப்பு சில்லுக்குள்ளேயே இருக்கும் 128 கிலோபைட் கேஷில் அடங்கியாக வேண்டும். அது மெமரியை இயக்கி, தன்னினும் பெரிய ‘ஸ்டார்ட்.எல்ஃப்’ என்பதை வரவழைக்க, அதுவோ அமைப்புக் குறிப்புகளைப் படித்து, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை மெமரியில் ஏற்றி, கடைசியிலேயே ஆர்ம் செயலியை எழுப்புகிறது.

ஆகவே நிறுவும் காரியம் பெரும்பாலும் இந்த யந்திரத்தில் நடப்பதில்லை. வேறொரு கணிப்பொறியில் கார்டைச் செருகி, கோப்புகள் யாவும் தத்தம் ஸ்தானத்தில் அமைந்த இமேஜை அதில் எழுதி, பலகையில் பொருத்திவிட வேண்டியதுதான். கெர்னல் அகப்படாவிட்டால் பச்சை விளக்கு 7 முறை மினுக்கும். கெர்னல் எழுந்தபின் நேரும் தடங்கலை அறிய, சீரியல் கேபிள் பூட்டி, மற்றொரு கணிப்பொறியின் திரையில் ஓடும் வரிகளை வாசிக்க வேண்டும்.

இவ்வளவு பிரயாசைக்கும் ஈடாக ஓர் அனுகூலம் உண்டு: மாறக்கூடியவை யாவும் கார்டிலேயே இருப்பதால், எத்துணைப் பிசகாக நிறுவினாலும் பலகை தொடங்கும் சக்தியை இழப்பதில்லை, கார்டை மறுபடி எழுதினால் போதும். 2019-இல் வந்த நான்காம் பை, ‘பூட்கோட்.பின்’ என்னும் இத்தொடக்க நிரலை மாற்றி எழுதத்தக்க ஈ.ஈ.ப்ராமுக்குக் கொண்டுபோன போதிலும், அது சிதைந்தால் கார்டிலுள்ள ‘ரெகவரி.பின்’ கோப்பைக் கொண்டு மீட்கும் வழியைத் திருத்தவொண்ணாத ரோமிடமே விட்டுவைத்தது.