படைப்புழுவின் தாயகமும் இயல்பும்

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 2018/19 பெரும்போகத்தில் சோளன் செய்கைக்குப் பெருஞ்சேதம் விளைவித்த படைப்புழு இத்தீவுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே அதன் தாயகமாகும். ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் எட்வேட் சிமித் 1797ஆம் ஆண்டிலேயே அதனை விவரித்துப் பெயரிட்டார்.

இவ்வந்துப்பூச்சி கடுங்குளிரைத் தாங்காது. வேறு பல பூச்சிகள் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும். இதற்கு அவ்வுறக்கமும் இல்லை. ஆகவே ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதியில் உறைபனி விழுந்ததும் இது மடிந்துபோகின்றது. புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களின் தென்கோடியில் மாத்திரம் எஞ்சி, இளவேனிலில் மீண்டும் வடக்கே புறப்படும். சாதகமான காற்று வீசினால் ஓரிரவில் 100 கிலோமீற்றர் பறக்கவல்லது. தலைமுறை தலைமுறையாக முன்னேறிக் கனடாவரை எட்டும். அடுத்த பனியில் அங்குள்ளவை யாவும் அழியும்.

இலங்கையின் உலர்வலயத்தில் உறைபனி இல்லை. பயிரோ புல்லோ உள்ளவரை ஆண்டு முழுவதும் இது பெருகலாம். பனி அங்கே செய்யும் வேலையை இங்கே கமக்காரரே செய்தல் வேண்டும்.

பெண் அந்து ஒரு தடவையில் 100 முதல் 200 முட்டைகளை இலையிற் குவியலாக இட்டு, தன் உடற்செதில்களால் மூடும். வெப்பகாலத்தில் இரண்டு மூன்று நாட்களில் அவை பொரிக்கும். புழு ஏறக்குறைய 14 நாட்கள் உண்டபின் மண்ணுட் புகுந்து, 2 முதல் 8 சதமமீற்றர் ஆழத்திற் கூட்டுப்புழுவாகும். எட்டொன்பது நாட்களில் அந்து வெளிவரும். புழு உண்பதிற் பெரும்பங்கை இறுதிச் சில நாட்களிலேயே உண்ணும். ஒரே இரவிற் பயிர் அழிந்ததென்று கூறுவது வழக்கம். புழுவோ அதற்கு முன்னரே பத்து நாட்களாக அங்கு இருந்திருக்கும்.

தலையில் தலைகீழான "Y" எழுத்துப் போன்ற வெளிறிய கோடும், வாற்பக்கத்திற் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளங்களாம். வளர்ந்த புழுக்கள் ஒன்றையொன்று தின்பதால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டே எஞ்சும்.

அமெரிக்காவில் இதற்கு உருவத்தாற் பிரித்தறிய இயலாத இரு பிரிவுகள் உண்டு. ஒன்று சோளனையும் பருத்தியையும், மற்றது நெல்லையும் அறுகு முதலிய புற்களையும் பெரிதும் நாடும். இலங்கையில் சோளனே முதன்மையாகத் தாக்கப்பட்டுள்ளது. எனினும் சோளனை அடுத்துள்ள நாற்றுமேடைகளையும் வரம்புப் புற்களையும் பார்த்து வருதல் நன்று.

பயிர் முளைத்தது முதல் வாரம் இருமுறை இலைகளைப் பார்வையிட்டு முட்டைக் குவியல்களை நசுக்குக. இலையில் வெண்ணிறச் சுரண்டல்கள் தோன்றும் பருவமே மருந்து பயன்படும் பருவமாகும். குருத்தினுள் ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் நிறைந்தபின், மருந்து உள்ளிருக்கும் புழுவைச் சென்றடைவது அரிது. அறுவடை முடிந்தவுடன் நிலத்தை ஆழமாக உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.